கிழக்கே கடல், ஆட்சேபணை இல்லை

பக்கத்து வீட்டு அக்கா எதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

நாங்கள் குடிவந்த நாளிலேயே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வண்டியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பி, "தண்ணி அஞ்சு மணிக்கு வரும்" என்றது. பீரோவின் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்த எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னங்க?" என்றேன். அந்தத் தலை என்னையே பார்த்தது. "என்ன சொன்னீங்க?" என்றேன் மறுபடியும். அது வேலிக்குக் கீழே இறங்கிப் போய்விட்டது. மறுநாள் முழுக்க எங்கள் வீட்டில் முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை.

அப்போது என் மனைவிக்குப் பழவேற்காட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த ஒரு மீனவக் குப்பத்தில் வீடு கிடைத்தது. எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை. ஃபிரிட்ஜ் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை திட்டு வாங்குவேன்.

ஏன் எதையும் இரண்டாம் முறை சொல்வதில்லை என்று பழகிய பிறகு ஒருநாள் அக்காவிடமே கேட்டேன்.

"ஒரு வாட்டி சொன்னா பேச்சு நைனா. ரெண்டு வாட்டி சொன்னா கொலைப்பு."

குரைப்பதை அந்தப் பக்கம் கொலைப்பது என்பார்கள். சொல்லிவிட்டு அக்கா காத்திருப்பார். ஐம்பதைத் தாண்டியவர், கெட்டியான உடம்பு, மூக்கின் இரு பக்கமும் பேசரி. கண்ணிமைகள் மெதுவாக மூடித் திறக்கும். அந்தக் காத்திருப்பை யாராலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்க முடியாது. அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் விதிவிலக்கு. அவர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர், நல்ல மனிதர், எதையும் கவனிக்காதவர்.

மழைக்காலம் தொடங்கியபோது அக்கா அவரிடம், "அடுப்பாண்ட ஷீட்டு ஓட்ட" என்று சொல்லியிருக்கிறார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதன்பின் மூன்று வாரம் அக்கா ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகச் சமைத்தார். வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பெண்டாட்டி வீட்டுக்குள் குடை பிடித்திருப்பதைப் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. ஒருநாள் அவருடைய தட்டிலேயே சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்து, "அட, ஷீட்டு ஓட்டையா கீதே!" என்று எங்கள் வீடு வரை கேட்கும்படி கத்தினார். அன்றே கூரையில் ஏறினார். அக்கா குடையை மடித்து வைத்தார். "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது இரண்டாவது தடவை ஆகியிருக்கும்.

நாய்கள் வந்தது கருவாட்டால்.

குப்பத்தில் வீட்டுக்கு வீடு மணலில் வலை விரித்து மீன் காயும். பெண்கள் கையில் குச்சியோடு, "சூ, சூ" என்று நாள் முழுக்க நாய் விரட்டுவார்கள். அக்கா விரட்டவில்லை. ஒரு பெட்டை நாயை எதிரே வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். "தொடாத" என்றார். நாய் நெத்திலியை நோக்கி வாயைக் கொண்டுபோனால் கையை நடுவில் நீட்டுவார். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு மீன் தலையைப் போடுவார். காலையில் தொடங்கியது, வெயில் சாயும்போது அந்த நாய் கருவாட்டுக்குக் காவல் உட்கார்ந்திருந்தது. மாதம் முடிவதற்குள் அந்தத் தெருவின் எல்லா நாய்களும் அப்படி ஆகிவிட்டன.

காட்டுப்பள்ளியில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை செய்த வடநாட்டு என்ஜினியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கு வருவார். உண்மையில் அவருடைய லாப்ரடார் வரும், அவர் சங்கிலியின் மறுமுனையில் இழுபட்டுக்கொண்டு வருவார். நாயின் பெயர் ராக்கி. ஆளில்லாத கருவாட்டுக்குப் பக்கத்தில் ஒரு தெருநாய் துறவியைப் போல உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். விசாரித்து அக்கா வீட்டுக்கு வந்து, ராக்கியை ஒரு மாதம் விட்டுப் போனார்.

அக்காவின் பாடத்தில் மொத்தமே நான்கு சொற்கள். குந்து, இரு, வா, உடு, அதாவது விடு. ராக்கி நான்கையும் நான்கு நாளில் கற்றுக்கொண்டது. என்ஜினியர் அழைத்துப்போக வந்தபோதுதான் சிக்கல். அவர் "கூந்தூ" என்றார். ராக்கி அவரை இரக்கத்தோடு பார்த்தது. அக்கா நாயைக் கட்டிப்போட்டுவிட்டு என்ஜினியரை உட்காரவைத்தார்.

"நாயி வெரசா கத்துக்கிச்சு. அவருக்குத்தான் ரெண்டு ஞாயித்துக்கெழம ஆச்சு" என்று என் மனைவியிடம் சொன்னார்.

பிறகு பொன்னேரியிலிருந்து பொமரேனியன் வந்தது. மீஞ்சூரிலிருந்து ஒரு அல்சேஷன் காரில் வந்தது. ஒரே சமயத்தில் ஆறு நாய்கள்கூட இருந்தன. அக்காவுக்குத் தலைக்கூடை சுமந்து சுமந்து முட்டி தேய்ந்துபோயிருந்தது. மீன் விற்கப் போகாமல் வீட்டிலேயே ஒரு பிழைப்பு அமைந்ததில் அவர் முகமே மாறிவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

எனக்கும் முகம் மாறியது. புதிதாக வருகிற நாய் முதல் இரண்டு நாள் வீட்டு ஞாபகத்தில் குரைக்கும். ஒரு நாய் அடங்கும்போது இன்னொன்று வரும். நான் இங்கே, "வணக்கம் சார், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்பேன். மறுமுனையில், "கம்பெனிலயா நாய் வளக்கறீங்க? அதான் ஃபிரிட்ஜும் இந்த லட்சணத்துல இருக்கு" என்பார்கள். சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தார். மூன்றாம் முறை கூப்பிட மாட்டேன், மெயில்தான் வரும் என்றார்.

அக்காவிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கண்களுக்கு எதிரே என்னால் நிற்க முடியாது. அதனால் ஊராட்சி ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். குடியிருப்புப் பகுதியில் அனுமதியின்றி நாய்ப் பயிற்சித் தொழில் நடப்பதாகவும், முதியோரும் குழந்தைகளும் அமைதி இழந்து தவிப்பதாகவும் நல்ல தமிழில் எழுதி, "இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பொதுமக்கள்" என்று முடித்தேன். எழுதி முடித்ததும் எனக்கே பொதுமக்கள் மேல் பரிதாபமாக இருந்தது.

பத்து நாள் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நோட்டீஸ். பதினைந்து நாளுக்குள் அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் தொழிலை நிறுத்த வேண்டும் என்று இருந்தது.

"உனக்கு நல்லா எழுத வருமாமே. பதிலு எழுது" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் என்ன செய்வேன்? என் கடிதத்துக்கு நானே பதில் எழுதினேன். அதையும் நல்ல தமிழில்தான் எழுதினேன். நாய்கள் ஒழுக்கமாக இருப்பதாகவும், குழந்தைகள் அவற்றோடு விளையாடுவதாகவும், தொழில் நடத்த அனுமதி வேண்டும் என்றும் எழுதினேன். அக்கா காகிதத்தை வாங்கி விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். அவர் ஐந்தாவது வரை படித்தவர். பிறகு நோட்டீசுக்குப் பின்னால் குத்தியிருந்த ஒரு ஜெராக்ஸ் தாளைப் பிரித்து இதன் பக்கத்தில் வைத்தார். என் புகார்க் கடிதம். அதை இணைத்து அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டுலயும் 'ழ' ஒரே மாதிரி வாலு வெச்சினு கீது" என்றார்.

என்னுடைய 'ழ' அப்படித்தான். கீழே இறங்கி ஒரு பக்கமாகச் சுருண்டு தூண்டில் முள் போல நிற்கும். இரண்டு கடிதத்திலும் தொழில், குழந்தைகள் என்று ஏராளமான முட்கள். அக்கா காத்திருந்தார். இமைகள் மெதுவாக மூடித் திறந்தன. நான் எதிரே நின்றேன். மூன்று நிமிஷம் தாங்கியிருப்பேன்.

"நான்தான்க்கா எழுதினேன். வேலை போயிடும்னு பயம். மன்னிச்சுடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லியிருந்தா போதாதா நைனா?" என்றார்.

மாலை என் மனைவி வந்ததும் விஷயம் தெரிந்தது. "ஏங்க, நாள் பூரா அடுத்தவங்க புகாரைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் தொத்திக்கிச்சா?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்கு ரசம் மட்டும்தான்.

பிராயச்சித்தமாக நானே லீவு போட்டுவிட்டு அக்காவோடு ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். அக்கா ராக்கியையும் கூட்டி வந்தார். என்ஜினியர் ஊருக்குப் போயிருந்ததால் அது மறுபடியும் அக்காவிடம் இருந்தது. செயலர் பொறுமையான மனிதர். விண்ணப்பத்தில் இருந்த தொழில் வகைகளைப் படித்துக் காட்டினார். மாவு மில், தையற்கடை, கோழிப்பண்ணை, டியூஷன்.

"நாய்க்குனு தனியா எதுவும் இல்லம்மா. கோழிப்பண்ணைனு போட்டுக்கலாமா?"

"நான் நாய் பழக்கறேன்" என்றார் அக்கா. பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். ராக்கி காலடியில் உட்கார்ந்தது.

செயலர் வேறு வேலை பார்த்தார். போன் பேசினார். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தார். நிமிர்ந்தால் எதிரே நான்கு கண்கள். மூடிவிட்டார். ஒன்றே காலுக்கு விண்ணப்பத்தை மறுபடியும் எடுத்து, கடைசியில் இருந்த 'இதர' என்ற கட்டத்தில் 'நாய்' என்று எழுதினார்.

"நாலு பக்கத்து ஆளுங்ககிட்டயும் ஆட்சேபணை இல்லைனு கையெழுத்து வாங்கணும்மா. வடக்க யாரு?"

"என் நாத்தனாரு."

"தெக்க?"

நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "பொதுமக்கள் புகார் ஒண்ணு இருக்கே. அவங்கள்லயும் யாராவது கையெழுத்து போட்டா நல்லது" என்றார்.

"பொதுமக்கள் நான்தான் சார்."

"எத்தினி பேரு?"

"எல்லாரும் நான்தான் சார்."

அவர் பேனாவை மூடி, திறந்து, எழுதிக்கொண்டார். மேற்கே தெரு. தெரு ஊராட்சிக்குச் சொந்தம் என்பதால் அதற்கு அவரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கெழக்க?"

"கடலு" என்றார் அக்கா.

"கடலுக்கு யார் கையெழுத்து போடறது?"

அக்கா பதில் சொல்லவில்லை. ராக்கியும் சொல்லவில்லை. நாலு கட்டமும் நிரம்பாமல் மேலே அனுப்ப முடியாது என்றார் செயலர். நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் குப்பத்தின் ஊர்த்தலைவரிடமே போனோம். யார் எங்கே வலை போடுவது என்று தீர்த்துவைக்கிறவர் அவர்தானே, கடலைப் பற்றி வேறு யார் பேசுவது? அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வலை பின்னும் கொட்டகையில் ஊர்க்கூட்டம் போட்டார். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடல் யாருக்கும் சொந்தமில்லை, நாம் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார் ஒருவர். கடல் போடுகிற சத்தத்துக்கு நாயைக் குறை சொல்ல அதற்கு வாயே கிடையாது என்றார் இன்னொருவர்.

தலைவர் அக்காவிடம் திரும்பினார். "நாயிங்க தண்ணில எறங்குமா?"

"எறங்கும்."

"வலய கடிக்குமா?"

"கடிக்காது."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை எழுதச் சொன்னார். "கிழக்கே உள்ள கடலின் சார்பாக, ஆட்சேபணை இல்லை." கீழே கையெழுத்திட்டு ஊர் முத்திரையையும் குத்தினார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பார்வையிட ஆள் வந்தார்கள். செயலரோடு ஓர் அதிகாரி. சத்தத்தை அளக்க அவருடைய செல்போனில் ஏதோ வைத்திருந்தார். நான் வேலையில் இருந்தேன். ஆனால் அங்கே நடப்பது தெரிய வேண்டும் என்று சன்னலைத் திறந்து வைத்து, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தேன். அக்கா, "இரு" என்றார். ஆறு நாய்களும் வரிசையாக மணலில் இருந்தன. அதிகாரி செல்போனை நீட்டியபடி பத்து நிமிஷம் நின்றார். ஒரு முனகல்கூட இல்லை.

"கொஞ்சம் கொலைக்கச் சொல்லுங்கம்மா. எவ்வளவு சத்தம்னு நான் எழுதியாகணும்."

"அத நான் சொல்லித் தர்லயே சார்."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். செல்போனைச் செயலரிடம் கொடுத்தார். கொஞ்சம் குனிந்து அல்சேஷனின் முகத்துக்கு நேரே, "லொள்" என்றார். அது கண் கொட்டியது. "லொள், லொள்!" என்றார். பொமரேனியன் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டார்.

அப்போது செயலரின் கையில் இருந்த செல்போனில் சத்தம் காட்டும் முள் எகிறியது.

"வணக்கம் சார், உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது. சார்? கேக்குதா சார்? உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது. சார், பதிவு செய்யப்பட்டுள்ளது சார்!"

"அது இன்னா சத்தம்?" என்றார் அதிகாரி.

"அது ஆளு சார். தெக்கு வீடு" என்றார் அக்கா.

இருவரும் என் சன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். இங்கே என்ன தொழில் நடக்கிறது, அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் வெறும் சம்பளக்காரன் என்றேன். "குடியிருப்புல தொழில் நடக்குதுன்னு புகார் எழுதினதே நீங்கதானே சார்" என்றார் செயலர். ஒரு விண்ணப்பப் படிவத்தை சன்னல் கம்பி வழியே உள்ளே நீட்டினார்.

அக்காவுக்கு அந்த வாரமே அனுமதி வந்தது. வீட்டுக்காரர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசலில் மாட்டினார். ஆறு நாய்களும் அதன் கீழே நிற்க, என் மனைவி ஒரு போட்டோ எடுத்தாள். நான் என் படிவத்தோடு கையெழுத்துக்காகப் போய் நின்றேன். எனக்கு வடக்கு எல்லை அக்காதான்.

"நாளைக்கு வந்து பாக்கறேன்" என்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஒரு கூடை இறாலும் ஒரு சட்டியுமாக வந்து என் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இறால் உரித்துக்கொண்டே கேட்பதாக ஏற்பாடு. "எனக்கும் கேக்கணும்" என்றார். ஸ்பீக்கரைப் போட்டேன். விதிப்படி அது தப்பு. ஆனால் அந்த முகத்துக்கு எதிரே விதியைப் பற்றிப் பேச எனக்குத் தைரியமில்லை.

மதியத்துக்குள் இருபது பேராவது திட்டியிருப்பார்கள். அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னா நைனா, தெனமும் இப்படித்தானா?"

"ஆமாக்கா."

"நீ இன்னா பண்ண அவங்கள?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

அடுத்து வந்தவர் வேலூர்ப் பக்கத்து ஆள். மூன்று நாளாக ஃபிரிட்ஜ் ஓடவில்லை, மெக்கானிக் வரவில்லை. எடுத்த எடுப்பிலேயே என் பரம்பரையை இழுத்தார். நான் "உங்கள் புகார்" என்று ஆரம்பிப்பதற்குள் அக்கா இறால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை நோக்கிக் குனிந்தார்.

"உள்ள இன்னா கீது?"

மறுமுனை திகைத்தது. "யாரும்மா நீங்க?"

அக்கா பதில் சொல்லவில்லை. காத்திருந்தார்.

"மீனு" என்றது போன், குரல் இறங்கி. "வஞ்சிரம். ரெண்டு கிலோ. பொண்ணு பாக்க ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்ல வராங்க. தம்பி சென்னையிலிருந்து ஐஸ் பொட்டியில வெச்சு இன்னிக்குத்தான் கொண்டாந்தான். எல்லாம் வீணாப்போவுது. சாயந்தரத்துக்குள்ள நாறிடும்மா."

"கொடல எடுத்துட்டு நடுவுல வகுந்து உப்பு போட்டு வெயில்ல வை."

"எவ்ளோ உப்பு?"

"மூணு பங்கு மீனுக்கு ஒரு பங்கு."

அவர் யாரிடமோ, "உப்பு எடு, உப்பு எடு" என்று கத்துவது கேட்டது. பிறகு தன் பெண்ணைப் பற்றிப் பேசினார். இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போனதைச் சொன்னார். அக்கா ம் கொட்டிக்கொண்டே இறால் உரித்தார். கால் மணி நேரம் கழித்து அவர், "சரிம்மா, வெக்கட்டுமா?" என்று அனுமதி கேட்டு வைத்தார். என் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து மார்க் போட்டிருந்தார். எனக்கு அதற்கு முன் இரண்டைத் தாண்டியதில்லை.

அக்கா படிவத்தை வாங்கி, பெரிய பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். இறால் வாசனையோடு என் விண்ணப்பம் ஊராட்சிக்குப் போயிற்று.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். வேலூர்க்காரர் மறுபடியும் லைனில் வந்தார். எப்படியோ கேட்டுக் கேட்டு என்னிடமே வந்து சேர்ந்திருந்தார்.

"ஃபிரிட்ஜ் சரியாயிடுச்சா சார்?"

"அதை விடுங்க. அந்தம்மா இருக்காங்களா? மாப்பிள்ளை வீட்ல கருவாடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் போடணும். சுறாவுக்கும் அதே கணக்கானு கேக்கணும்."

போனை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். அக்கா மணலில் உட்கார்ந்திருந்தார். எதிரே அன்று காலை வந்து இறங்கிய ஒரு முரட்டு நாய், நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அக்கா அதனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார் போலும். என்னைப் பார்க்காமலேயே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றேன் போனில். காத்திருப்பவர்களுக்குக் கம்பெனிப் பாட்டைப் போடும் பொத்தான் அறையில் இருந்தது. அதனால் அவருக்குக் கடல் சத்தம்தான் கேட்டிருக்கும்.

பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அக்கா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து போனை வாங்கினார். வேலூர்க்காரர் வைத்துவிட்டிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

"இருக்கேம்மா" என்றது போன்.

"சுறாவா? தோல உரிச்சிட்டுப் போடு" என்றார் அக்கா.